தட்டின் ஓரத்துக் கறிவேப்பிலை

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
16.11.2025

அன்புள்ள மாமி,

முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் அனுப்பிய தைலத்தைப் பூசுங்கள், பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதுதான் எழுதுகிறேன்.

நான் சமைக்கும் கடையில் இப்போது குப்பையைத் தராசில் நிறுக்கிறோம். சிரிக்காதீர்கள். சாப்பாடு வீணாவதைக் குறைக்கக் கடை கடையாய்ப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் மர்கரீத் என்று ஒரு பெண் வந்து மூன்று வாளி வைக்கச் சொன்னாள். பழுதானது ஒன்றில், விற்காமல் மிஞ்சியது ஒன்றில், சாப்பிட வந்தவர்கள் தட்டில் விட்டுப்போனது ஒன்றில். அந்த மூன்றாவதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கேட்காமலே சோற்றைக் குவிப்பது நாங்கள்தானே. குறைத்துப் போட்டால் மரியாதை இல்லை என்று முதலாளி ஞானசுந்தரம் அண்ணை ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அந்த வாளியைத் தானே தூக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சமாய்ப் போடுங்கோ, கேட்டால் திரும்பப் போடுங்கோ என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் என்ன எறிவீர்கள் என்று மர்கரீத் என்னைக் கேட்டாள். நாளுக்கு ஒரு தட்டுச் சோறு என்றேன். யாருடையது என்றாள். நான் வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

உங்கள் மகன் காணாமல் போன நாளிலிருந்து அவருக்கென்று ஒரு தட்டு வைக்கிறேன். பிரசாந்தன் உயிரோடைதான் இருக்கிறான், காகத்துக்கு வைக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள். ஒருநாளும் வைக்கவில்லை. பதினாறு வருடமாக வேலையால் வந்து குப்பையில் கொட்டுகிறேன். களைத்துவிட்டேன், மாமி. இனி நிறுத்தட்டுமா என்று உங்களிடம் கேட்க இருந்தேன்.

அதற்கு முன், எவ்வளவு வீணாகிறது என்று பார்க்கக் கடைப் பழக்கத்தில் தட்டைத் தராசில் வைத்தேன். காலையில் நானூற்றைம்பது கிராம். வந்து பார்த்தால் நானூறு. ஹீட்டர் சூட்டில் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் முந்நூறு. மூடி வைத்தேன். மூடி வைத்தபடியே இருந்தது, சோறு இருநூறு. வீட்டில் நான் ஒருத்திதான். கதவைப் பூட்டுகிற ஒரே திறப்பும் என் கைப்பையில். எலியோ என்று மேசை முழுக்க மா தூவிப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை.

நேற்றுத் தட்டில் ஒரு பருக்கை கிடையாது. கறிவேப்பிலை மட்டும் இடப்பக்க ஓரத்தில் வரிசையாக ஒதுக்கியிருந்தது. அப்படி ஒதுக்குவதற்காகச் சின்ன வயதிலிருந்தே அவரை ஏசியவர் நீங்கள். எனக்குப் பயம்தான். ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இனி நிறுத்தட்டுமா என்று கேட்கமாட்டேன். இன்று ஒரு அகப்பை கூடவே போட்டேன். உயிரோடு இருக்கும் ஒருவர் பூட்டிய கதவால் எப்படி வருவார் என்று உங்களிடம் கேட்கத்தான் எனக்குத் துணிவில்லை.

நீங்களும் அங்கே அவருக்குத் தட்டு வைக்கிறீர்கள். கோழிக்குக் கொட்டுமுன் ஒருதரம் அதன் ஓரத்தைப் பாருங்கள், மாமி. கண்டதை எனக்கு மட்டும் எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
தயாளினி