வாலோடு கிடைத்த மீன்

நவம்பர் 14
இன்று வால் கிடைத்தது. இந்த மலையில் கல்லாய்ப் போன மீன்களின் எத்தனையோ தலைக் கவசங்களை, அதாவது தலையை மூடிய எலும்பு ஓடுகளை, வெட்டி எடுத்திருக்கிறேன். வாலோடு முழு மீனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாற்பத்தாறு கோடி ஆண்டுக்கு முந்தைய, தாடையே இல்லாத மீன். முகத்தின் முன்னால் இரண்டு கண்கள், லாரி விளக்குகள் மாதிரி. வால் வெங்காயச் சருகாய்க் களிமண்ணில் படிந்திருக்கிறது. ஈரம் பட்டால் போச்சு. பிளாஸ்டர் கட்டுப் போட்டு, தார்ப்பாய் மூடி வண்டியில் ஏற்றியாயிற்று. நாளை கொச்சபாம்பா நகர அருங்காட்சியகம்.

நவம்பர் 15
வழியில் சாலை மறியல். ஊருக்குக் குடிநீர்க் குழாய் வரும்வரை எந்த வண்டியையும் விடமாட்டார்களாம். தலைவி காஸிமிரா அம்மாளிடம் போனேன்.

"வண்டில என்ன?"

"மீனு."

"மீனா? நாறிடுமே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கல்லாப் போன மீன்மா. கோடிக்கணக்கான வருஷம் பழசு. இந்த ஒரு வண்டிய மட்டும் விட்டுருங்க."

"அத்தன வருஷம் பொறுத்துச்சுல்ல? எங்களோட ரெண்டு நாள் பொறுக்கட்டும்."

அவள் சொல்வதும் சரிதானே.

நவம்பர் 16
பின்பக்கமும் கல்லைப் போட்டு அடைத்துவிட்டார்கள். டிரைவர் எவுசேபியோ அவர்களோடு கோகா இலை மென்றுகொண்டு சீட்டாடுகிறார்.

நவம்பர் 17
வேகவைத்த சோளம் கொடுத்தார்கள். தெற்கே மேகம் திரள்கிறது. அவர்கள் முகமெல்லாம் மலர்ச்சி. நான் தார்ப்பாயின் முடிச்சுகளை இன்னொரு முறை இறுக்கினேன்.

நவம்பர் 18
மதியம் ஆலங்கட்டி மழை. அவர்களுடைய பந்தல் கிழிந்துவிட்டது. எங்கள் வண்டியின் முன்பக்கம் முழுக்கப் பிள்ளைகள், கிழவிகள். வெளியே ஒருத்தி, நேற்றுப் பிறந்தது போன்ற குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி நனைந்துகொண்டிருந்தாள்.

எவுசேபியோ தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு என்னை. "நீங்களே சொல்லுங்கம்மா."

நானே முடிச்சுகளை அவிழ்த்து, தார்ப்பாயை வெளியே நின்றவர்களிடம் கொடுத்தேன். என் மேல்கோட்டைக் கழற்றி மீன் கல்லின் மேல் போட்டேன். அது போதுமா? போதாதுன்னு தெரியும். பிளாஸ்டர் கட்டுலருந்து வெள்ளைத் தண்ணி ஒழுகிட்டே இருந்துச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன்.

நவம்பர் 19
விடிந்ததும் குழந்தை வீறிட்டு அழுதது. நல்ல குரல்.

நவம்பர் 21
குழாய் போடுவதாக அதிகாரிகள் வாக்குக் கொடுத்துவிட்டார்களாம். வழி திறந்தது. காஸிமிரா அம்மாள் தார்ப்பாயை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒம் மீனு நல்லாருக்கா?" என்றாள். நல்லாருக்கு என்றேன்.

டிசம்பர் 9
அருங்காட்சியகத்தில் பிளாஸ்டர் கட்டைப் பிரித்தோம். தலைக்குப் பழுதில்லை. அதன் பின்னால், வால் இருந்த இடத்தில், விரல் சேற்றில் இறங்கியது. மலையில் எடுத்த படத்தைக் காட்டினேன். "வெறும் நெழலுதான தெரியுது. இத வாலுன்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டார் அருங்காட்சியக இயக்குநர்.

மாலையில் காட்சிப் பெட்டிக்கு அட்டை எழுதினேன்: தலைக் கவசம். வால் கிடைக்கவில்லை.