சுவரில் ஓட்டிய கடல்

எதிர் வீட்டில் மதில் கட்டுகிறார்கள். ஈரச் சீமெந்து வாசம் காலையிலிருந்து எங்கள் அடுப்படிவரை வருகிறது. அந்த வாசம் பட்டால் எனக்கு உன் நினைப்புத்தான். உனக்குச் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது. நல்ல செய்தி.

எங்கள் ஊர் மருதமுனையில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்ப வேண்டும். உனக்கு உன் வாப்பா கட்டிய வீடு கூரைவரை வந்து, பூச்சுக்காகக் காத்திருந்தது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு நெசவுசாலையில் நூல் சுற்றப் போன நான், பின்னேரங்களில் அங்கேதான் வருவேன். உனக்குப் பிறவியிலேயே இருதயத்தில் வருத்தம். வெறும் அறையில் பாய் விரித்துப் படுத்திருப்பாய். அந்த நோயைப் பற்றி மட்டும் கதைக்கவே மாட்டாய்.

உன் போனில்தான் அந்தக் கலைஞர்களைக் கண்டோம். ஒருவர் உடைந்த பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கிப் பெரிய அலை ஒன்று செய்திருந்தார். ஆட்கள் அதன் கீழே அண்ணாந்து நின்றார்கள். ஒரு பெண் கிழிந்த குடைத்துணிகளைத் தைத்து, மண்டபம் முழுக்க மழைமேகமாகத் தொங்கவிட்டிருந்தாள். ஓவியர் என்றால் எப்போதோ செத்துப்போனவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்களோ இன்றைக்கும் எங்கோ ஓர் ஊரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் படமா புள்ள?" என்று கேட்டேன்.

"படம் இல்லாட்டி உன்ட வாய் ஏன் இப்படித் திறந்து கிடக்கு?" என்றாய்.

உயிருள்ள உருவம் வரையக் கூடாது என்று உம்மா என் பள்ளிக் கொப்பியைப் பறித்த நாளோடு நான் வரைவதை விட்டிருந்தேன். நாம் பார்த்த இவர்கள் யாரும் முகம் வரையவில்லை. அது பிடிபட்டதும் நீ எழும்பி உட்கார்ந்தாய். "நாளைக்கு வாறப்ப கழிவு நூல் கொண்டு வா."

பூசாத சுவரில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி நூல் இழுத்தோம். விடியற்காலைக் கடல். நீ படுத்தபடி நிறம் சொல்வாய், நான் இழுப்பேன். நீலம், பச்சை, திரும்பவும் நீலம். பாதிச் சுவர் கடலானபோது, இருதயம் நின்று நீ மௌத்தானாய். நான் மாமா என்று கூப்பிடும் உன் வாப்பா அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்.

போன மாதம் உன் தங்கைக்குக் கலியாணம் முடிவானது. வீடு இனி அவளுக்கு. பூச்சு வேலை தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் செருப்புப் போடாமல் ஓடினேன். கடையில் ஒரு சவர்க்காரம் கேட்பதற்குக்கூட உன்னை முன்னால் தள்ளிவிட்டவள் நான்.

பூச வந்த மேசன், எங்களுக்கு அண்ணன் முறையான காக்கா, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். "யாரு புள்ள சுவத்துல பாவு ஓட்டி வச்சிரிக்கி? ஊருல தறி காணாதா?"

அவரில் பிழையில்லை. நெய்வதற்கு முன்னால் நூலை வரிசையாக நீட்டுவதே பாவு. நீட்டிய நூலைக் கண்டால் எங்கள் ஊரில் வேறு நினைப்பு வராது. மாமா வாசலில் நின்றபடியே, "அறுத்துப்போட்டுப் பூசுங்க" என்றார்.

"பூசாதீங்க மாமா."

"என்ன மகள்?"

"அது பாவில்ல. கடல். அவவும் நானும் செஞ்ச."

"கடலெண்டா தோணி எங்க?" என்றார் மேசன் காக்கா.

"தோணி இன்னும் கரைக்கு வரல்ல காக்கா."

எனக்கு அப்படிப் பதில் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. மேசன் காக்கா சத்தமாகச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. உள்ளே வந்து ஒரு நீல நூலை விரலால் மெல்லத் தட்டினார். அது அதிர்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரைவாசிதானே கிடக்கு."

"மிச்சத்த நான் முடிக்கிறன்."

"கலியாணத்துக்கு முந்தியா?"

"ஓம் மாமா."

"மத்தச் சுவருகளப் பூசுங்க" என்றார் மேசனிடம். "இது இப்படியே இரிக்கட்டும்."

முதலில் நீ என்ன நிறம் சொல்லியிருப்பாய் என்று யோசித்து யோசித்து இழுத்தேன். சுவர் செத்துக் கிடந்தது. பிரித்தேன். சூரியன் எழும்பும் பக்கத்தில், உனக்குப் பிடிக்காத செம்மஞ்சளைக் கொண்டுவந்தேன். 'கடலுக்குள்ள இது என்னத்துக்குப் புள்ள' என்று சண்டை பிடித்திருப்பாய். பிடி. விடிந்துவிட்டது, பார்.

கலியாணத்தன்று பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். அலுமாரியையும் குசினியையும் பார்க்க வந்தவர்கள் அந்த அறையிலேயே நின்றுவிட்டார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள். ஒரு ஆசிரியை, "இது யார் செஞ்ச?" என்று கேட்டார். எனக்காகப் பதில் சொல்ல மாமி, உன் உம்மா, வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நானும் என்ட கூட்டாளியும்."

தன் மகளுக்குக் கட்டும் வீட்டிலும் ஒரு சுவர் செய்து தர முடியுமா என்று கேட்டார் ஆசிரியை. அத்தனை பேருக்கும் முன்னால், தலை குனியாமல், ஓம் என்றேன்.

இனி எந்தச் சுவருக்குப் போனாலும் நீயும் என்னோடுதான் வருவாய். வா. நிறம் மட்டும் நான் சொல்கிறேன்.