இரண்டு மன்னிப்புக் கடிதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் மனைவிக்குக் காய்ச்சல் விட்டதா? கத்தினால் காரியம் நடந்துவிடும் என்று நினைப்பவன் நீ, சின்ன வயதிலிருந்தே. போனில் உன்னோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை, எழுதுகிறேன்.

"விசாரணைக் குழுவுல நீ இருந்தும் என் பையனுக்கு இந்தக் கதியா?" என்று கேட்டாய். புகார் நம் வாலுவின் மேல் என்று தெரிந்ததுமே, நான் அவன் அத்தை என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் எது நடந்தாலும் முதலில் மன்னிப்புக் கடிதம்தான். பீக்கர் உடைந்தாலும் சரி, காப்பி அடித்தாலும் சரி, துறைத் தலைவர் வெள்ளைத் தாளை நீட்டிவிடுவார். இதையும் அப்படியே கையாண்டிருக்கிறார். ஆய்வகத்தில் தன்னை வலுக்கட்டாயமாகக் கட்டிப்பிடித்தான் என்று ஒரு பெண் புகார் கொடுக்கிறாள். புகாரைக் காட்டாமலே இவனிடம் மன்னிப்பு எழுதி வாங்கியிருக்கிறார். அவளிடமும் ஒன்று வாங்கியிருக்கிறார், நேரம் கடந்து ஆய்வகத்தில் இருந்ததற்காம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த இரண்டும் செல்லக் கூடாது, இவனுக்குப் புகாரின் நகல் தர வேண்டும், அவளை இவன் எதிரில் உட்காரவைத்துக் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். குழு ஒப்புக்கொண்டு முதலிலிருந்து தொடங்குகிறது. உன் கோபம் இதில்தான். கொஞ்ச நாள் இடைநீக்கத்தோடு போயிருக்கும், "முடிஞ்சதைக் கிளறிட்டியேக்கா" என்கிறாய். வாஸ்தவம். இப்போது அவன் படிப்பே போகலாம்.

அவன் செய்திருக்கவே மாட்டான் என்கிறாய். என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்று வளர்ந்த பிள்ளை, ஆனாலும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடா. செய்தான் என்றும் சொல்ல மாட்டேன். நேற்று மாடிப்படியில் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். நான் யார் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அறைக்குப் போய் அழுதேன்.

நீ கிளம்பி வா. விசாரணையின்போது அவனோடு ஒருவர் உட்காரலாம். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதே. என்ன நடந்தது என்று மட்டும் கேள். அவன் சொல்லி முடிக்கும்வரை கையை ஓங்காதே, அவனுக்காக நீ பேசவும் பேசாதே.

பிள்ளையை வாழ்த்தி முடிக்கலாம் என்று பார்க்கிறேன். அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வாழ்த்த வரவில்லை. இருவரும் நன்றாக இருக்கட்டும். கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா