ஒரு மணி அடித்தால் நல்லபடி

அன்றைக்கு இண்டூர் வீட்டில் உன்னோடு இருந்தவர்கள் நான்கு பேர். உன் ஆயா நான், என் மகனான உன் அப்பன் மாதையன், உன் அம்மா சிவகாமி, சல்லடை இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ராஜம்மா. அந்தச் சல்லடை இன்னும் திரும்பி வரவில்லை. இன்று காலை உன் அப்பன் புளி மூட்டையோடு அரூர் போய் இறங்கியதும் என் பட்டன் போன் ஒரே ஒரு மணி அடித்து அடங்கியது. அதோடு அந்த நாள் அப்படியே என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது, கண்ணு.

பெங்களூர் கம்பெனி வேலையை நீ வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த சமயம். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தாய். என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"ஒரு புரோகிராமு இருக்குது ஆயா. அது தாய் மாதிரி. வேலையப் பிரிச்சுப் பிள்ளைங்ககிட்டக் குடுத்தனுப்புது. ஒரு பிள்ளை பாதி வேலையிலேயே செத்துப் போயிடுது. தாய் என்னடான்னா எல்லாம் நல்லா முடிஞ்சுதுன்னு உக்காந்திருக்கா."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா செத்துது கித்துதுன்னு பேசாதடி" என்றாள் உன் அம்மா அடுப்படியிலிருந்து.

"பெத்தவ காத்திருக்க மாட்டாளா?" என்று நான் கேட்டேன்.

"காத்திருக்கறா. வந்துடுச்சான்னு பாக்கறா. எப்படி வந்துதுன்னு கேக்கறதில்ல."

"எவன் எழுதுனது அத?"

"எனக்கு முன்ன இந்த வேலையில இருந்தவரு."

"பேரச் சொல்லு."

"மாட்டேன். நீ மண்ண வாரித் தூத்துவ."

ராஜம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த சல்லடை உருண்டது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இதற்கு வழி எனக்குத் தெரியும். போன் வாங்கிய நாளிலிருந்து நம் வீட்டுச் சட்டம் அது. வெளியூர் போனவர்கள் ஒரு மணி அடித்து வைத்தால் நல்லபடி. இரண்டு மணி என்றால் ஏதோ சரியில்லை, கூப்பிடு. மணியே வராவிட்டால் மாதையன் வண்டியை எடுப்பான்.

"பேசியே சொல்லிட்டாப் போவுது, மணி எதுக்கும்மா?" என்று உன் அப்பன் வழக்கம்போலக் கேட்டான்.

"பேசுனா தேன் தடவிச் சொல்லுவீங்க. மணி பொய் சொல்லாது."

நீ கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "இதேதான் ஆயா. பிள்ளை முடிக்கறப்ப ஒரு நம்பர வெச்சிட்டுப் போவும். பூஜ்யம்னா நல்லபடி. வேற எதுன்னாலும் கோளாறு. தாய் அதக் கேட்டு வாங்கற வரைக்கும் பிள்ளை பேரு பட்டியல்லயே கிடக்கும்."

"கோளாற மறைச்சுட்டுப் பூஜ்யம்னு சொல்லிட்டா?"

உன் முகம் மாறியது. "அப்படி ஒரு பிள்ளைய எழுதவே கூடாது ஆயா. தாய் பாவம், என்ன பண்ணுவா? நம்பித்தானே ஆகணும்."

அன்று சாயங்காலமே அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாய்.

பிறகு கம்பெனி உன்னை நேரில் வரச் சொன்னது. பெங்களூர் போனாய். தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு மணி வரும். கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவேன். ஐந்து நாள் உனக்குக் காய்ச்சல் கொளுத்திய போதும் ஒரு மணிதான் வந்தது. கடைசி இரண்டு நாள் ஒரு கையில் குளுக்கோஸ் ஏற, மறு கையால் எனக்கு மணி அடித்தாய் என்று உன்னோடு தங்கியிருந்த பெண் பிற்பாடு சொன்னாள். "ஆயா பயந்துக்கும்" என்றாயாம். ஆறாம் நாள் மணியே வரவில்லை. உன் அப்பன் வண்டியை எடுத்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

இரண்டு மணி அடித்திருந்தால் முதல் நாளே வந்திருப்போமே.

உன் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறான் மாதையன். நான் கார்டைத் தரவில்லை. தாய் கேட்டு வாங்கும்வரை பெயர் கிடக்கும் என்று நீதானே சொன்னாய். நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

ஒரு மணியை இப்போது நான் நம்புவதில்லை. இன்று காலையும் உடனே திருப்பிக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்கேம்மா" என்றான் உன் அப்பன். "அத நான் சொல்றேன். நீ பேசு" என்று சொல்லிவிட்டு, சந்தைச் சத்தத்துக்குள் அவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் மட்டும் போன் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது.

ராஜம்மாவுக்குச் சல்லடையை விட்டுவிட்டேன். அந்தப் புரோகிராமை எழுதிய பெயர் தெரியாத ஆளையும் விட்டுவிட்டேன், அவன் கேட்க மறந்தவன்தான். நான் மறக்கவில்லையே, கண்ணு. தினமும் விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருந்து கேட்டேன். கேட்டவளுக்கு நல்லபடி என்று சொல்லிவிட்டுப் போனவளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன், பவித்ரா.