தூத்துக்குடியில் நின்றுபோன ஊறுகாய்

என் தங்கமான பார்வதி மச்சாளுக்கு,

கொட்டாஞ்சேனையில் நாம் இருவரும் நடத்திய ஊறுகாய்ப் பட்டறையை நாளையோடு மூடுகிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அண்ணாவிடம் சொன்னால், உங்கள் படத்தைத் துடைக்கப் போய்விடுகிறார்.

"ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்காம், தீர்வை இல்லாம இந்தியாவுக்கு அனுப்பலாமாம்" என்று நீங்கள் துள்ளிக்கொண்டு வந்தீர்களே! அங்குள்ளவர்கள் மகிழட்டும் என்று நாமும் போத்தல்களில் 'இந்திய மிளகாயில் செய்தது' என்று பெருமையாக ஒட்டினோம். அதுவே வினையாகிப் போனது. அப்படியானால் இது எப்படி இலங்கைப் பொருள், தீர்வைச் சலுகை எப்படி என்று தூத்துக்குடிச் சுங்கத்தில் மறித்துவிட்டார்கள். மிளகாய்க்கு, எண்ணெய்க்கு, ஊறப்போட்ட தேசிக்காய்க்கு என்று தனித்தனியாக அத்தாட்சி கேட்டார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நீங்கள் சிரித்தீர்கள். "என்னயத்தான் பொறந்தப்பவே இந்தியத் தமிழர்னு பதிஞ்சாங்க. இப்ப ஊறுகாயையுமா?" அத்தாட்சிகள் சேர்வதற்குள் வெயிலில் நின்ற ஊறுகாய் நுரைத்துக் கெட்டுவிட்டது. அந்த மாதமே நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள்.

ஒப்பந்தத்தில் இரு பக்கத்துக்கும் ஒரே விதிதான், மச்சாள். அதைப் படித்துச் சொல்ல அங்குள்ள கம்பனிக்காரர்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். நமக்கு யார் இருந்தார்கள்? ஏழை சொல் அம்பலம் ஏறாது. இன்று வெள்ளவத்தைக் கடைகளில் அக்கரை ஊறுகாய்தான், நம்முடையதைவிட மலிவாக. இரண்டு கரையும் நெருங்கிவிட்டன என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வருகிறது.

போன கிழமை ஓர் இந்தியக் கம்பனியின் முகவர் வந்தார். அவர்களுடைய ஊறுகாய் பீப்பாயில் வருமாம். நாம் போத்தலில் அடைத்து, 'பார்வதி ஊறுகாய்' என்று நம் லேபலை ஒட்டி விற்றால் போதுமாம். "உங்க பேருக்குத்தான் மேடம் இங்க மார்க்கெட்டு" என்றார். சம்மதித்தால் பட்டறை தப்பும். வேலை செய்யும் பெண்களுக்கும் பிழைப்பு இருக்கும்.

கிராண்ட்பாஸிலிருந்து வேலைக்கு வருகிற நம் பரீனாவிடம் கேட்டேன். "நாங்க கை வெக்காத ஊறுகாய்க்கு பார்வதி அக்காட பேரா? வாணாம்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாளை மறுநாள் அவள் எங்கே வேலைக்குப் போவாள், மச்சாள்?

முகவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெண்களுக்கு வேலை தேடித் தருவேன் என்று உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன், அது பொய்யாகிவிடலாம். இது ஒன்றைத்தான் தர முடியும்: நீங்கள் உப்புப் பார்க்காத ஊறுகாயில் உங்கள் பெயர் இருக்காது.

உங்கள் புருசனின் தங்கை,
உங்களுக்கு இருந்த ஒரே மச்சாள்,
சாந்தி