செட்டப் வாணாம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கார்த்திகை, முதல் ஞாயிறு.

என் அன்பு மகள் காவேரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் தேசத்தில் இருமல் சளி இல்லாமல் இருக்க ஏகாம்பரநாதர் துணை இருக்கட்டும். பயந்துகொண்டே படிக்காதே. அப்பா நன்றாக இருக்கிறார். நான் இதை எழுதும்போது பின்னால் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வலது கையால்தான். பாதி சட்னி சட்டையில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இப்போதெல்லாம் போனை எடுத்தால் அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது? கோடி வீட்டு தினகரன் புதன்கிழமை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறான். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன் அல்லவா, அவர் தூங்கவில்லை கண்ணு. போனைப் பார்த்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு காலும் கையும் மெல்ல மெல்லத் தேறிக்கொண்டுதான் வந்தன. பேச்சுதான் வரவில்லை. ‘வாணாம்’ என்கிற ஒரே சொல் வாயில் மாட்டிக்கொண்டது. சாப்பிடுகிறீர்களா என்றால் வாணாம். தட்டை வைத்தால் சாப்பிடுவார். ஃபேன் போடட்டுமா என்றால் வாணாம். போடாவிட்டால் முறைப்பார். நீ சம்பளம் இல்லாத விடுப்பு போட்டுவிட்டு வந்து நின்றிருந்தால் உன்னிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் இப்போது வராதே என்று உன்னைத் தடுத்துக்கொண்டே இருந்தேன்.

வாலாஜாபாத்திலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் பஸ்ஸில் வருகிறாள். ஜீவிதா என்று பெயர். நல்ல பொறுமைசாலி. மாடு, டம்ளர், குடை என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது இன்னா சார், இது இன்னா சார் என்று கேட்பாள். ஊரில் பாதிப் பட்டுக்கடைகளின் பில் மெஷினைப் பழுது பார்த்த மனிதரிடம் மாட்டுப் படத்தைக் காட்டினால் என்ன ஆகும்? ஒருநாள் இடது கையால் அத்தனை அட்டைகளையும் கீழே தள்ளிவிட்டார். ஜீவிதா கோபித்துக்கொள்ளவில்லை. “வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்குதும்மா, வர்றதுக்கு வழிதான் தெரியல” என்றாள். அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கீழே கிடந்த அட்டைகளைப் பொறுக்கினேன். இனி இப்படியே இருந்துவிடுவாரோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன்.

மத்தியான நேரம்தான் தாங்காது. புடவைகளுக்குக் குஞ்சம் கட்ட உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்கும். என்னோடு ஓயாமல் வாயாடிய மனிதர் எதிரில் ஊமையாக உட்கார்ந்திருப்பார். எனக்கென்று ஏதாவது ஒன்று வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் என் குழாய் விளையாட்டு ஞாபகம் வந்தது.

நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். கோணலும் நேருமாகக் கிடக்கும் குழாய்த் துண்டுகளைத் திருப்பி வைத்து, தண்ணீர் வருவதற்குள் தொட்டிவரை சேர்த்துவிட வேண்டும். கல்யாணமான புதிதில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, வேலை முடியும்வரை ஆடிக்கினு இரு என்று உன் அப்பா போட்டுக் கொடுத்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும், முணுமுணுத்துக்கொண்டே அதைத்தான் முதலில் ஏற்றித் தருவார். பழைய கம்ப்யூட்டர் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு இடிமழையில் போய்விட்டது. நீ தீபாவளிக்கு அனுப்பிய லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பீரோவைத் துழாவி சிடியையும் எடுத்துவிட்டேன். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், சிடி போட ஓட்டையே இல்லை!

கடையைப் பார்த்துக்கொள்ளும் கமலைக் கூப்பிட்டேன். வெளியிலிருந்து மாட்டும் சிடி டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். செட்டப்பை அழுத்தினால், இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று ஒரு கட்டம் வந்து நின்றது. “அண்ணி, இது ரொம்பப் பழசு, பதினாறு பிட்டு. புது விண்டோஸு இத்த ஏத்துக்காது. போன்லயே வேற கேம் போட்டுத் தரேன்” என்றான். போட்டும் கொடுத்தான். நாலு குழாய் வைப்பதற்குள் ஜவுளி விளம்பரம் வருகிறது. அதை யார் ஆடுவது?

அவன் போனபிறகு நானே உட்கார்ந்தேன். உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்ததில் நாலு விஷயம் என் காதிலும் விழுந்திருக்கிறது. பழைய விண்டோஸ் மாதிரி ஓடு என்று சொல்ல ஒரு இடம் உண்டு. அதைத் தேடிப் பிடித்து டிக் செய்து, திரும்பவும் செட்டப்பை அழுத்தினேன். அதே கட்டம். நாற்காலியிலிருந்து ‘வாணாம்’ என்று குரல். நான் காதில் வாங்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். ‘வாணாம், வாணாம்!’ நாற்காலிக் கையைத் தட்டுகிறார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. இத்தனை வாரமாக அடக்கிவைத்தது எல்லாம் ஒன்றாக வந்தது. “வாணாம் வாணாம்னா இன்னாதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லுங்க!” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுத் தறிகூட ஒரு நிமிஷம் நின்றது.

அவர் முகம் சிவந்துவிட்டது. உதட்டைக் கோணிக்கொண்டு, கல்லைத் தூக்குகிற மாதிரி அந்தச் சொற்களைத் தூக்கினார். “செட்டப்... வாணாம். உள்ள... உள்ள போ.”

நான் அழுதால் நிறுத்திவிடுவாரோ என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிடிக்குள்ளே போய் அங்கிருந்த ஃபோல்டரைத் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைக் காட்டி, “காப்பி” என்றார். நான் அடுப்படிக்கு எழுந்தேன். “ஐயோ... ஃபைலு! ஃபைலு காப்பி!” என்று கத்தினார் பார், அதைக் கேட்க நீ இல்லாமல் போய்விட்டாயே. பிறகு கமல் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது, ஏற்றுகிற செட்டப்தான் பழசாம். விளையாட்டை அப்படியே லேப்டாப்பில் காப்பி எடுத்து நேராகத் திறந்தால் திறக்குமாம்.

திறந்தது. ஆனால் குழாயெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. “எட்டு” என்றார். எட்டு என்றால் என்ன எட்டு? நான் கேட்டுக்கொண்டே போக, அவர் தலையை ஆட்டி ஆட்டி வழிகாட்ட, கடைசியில் எட்டு பிட் கலர் என்று ஒரு வரியைப் பிடித்தோம். நிறம் சரியாகிவிட்டது. தண்ணீர்தான் சரியாகவில்லை. புது மெஷினின் வேகத்துக்கு, நான் ஒரு குழாய் வைப்பதற்குள் குபீரென்று பாய்ந்து ஆட்டம் முடிந்துபோகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். அவர் சிரித்தார், காவேரி. வாய் ஒரு பக்கம்தான் போனது. ஆனால் சத்தம் பழைய சத்தம்தான்.

மறுநாள் கமலை வரச் சொன்னேன். “பழசு... உள்ள... வை” என்று அவனிடம் சொன்னார். அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, இன்னொரு வாட்டி சொல்லுண்ணே” என்றான். விஷயம் புரியாமல் இல்லை, கேட்க ஆசையாக இருந்திருக்கிறது. லேப்டாப்புக்குள் பழைய விண்டோஸ் ஒன்றைத் தனியாகக் குடிவைத்து, அதற்குள் என் விளையாட்டைப் போட்டார்கள். அவர் ஒரு சொல் சொல்ல, அவன் ஒரு வேலை செய்ய, அப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. இப்போது தண்ணீர் பழையபடி நிதானமாக வருகிறது.

ஜீவிதா மாட்டுப் படத்தை மூட்டை கட்டிவிட்டாள். ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். பத்தில் ஆறு சரியாகச் சொல்கிறார். முழுக்கத் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. நேற்று சாம்பார் இன்னும் ஊற்று என்பதற்கு ‘ரீஸ்டார்ட்’ என்றார். ஊற்றினேன். இதற்கெல்லாம் காரணம் மாகறல் ஈஸ்வரனுக்குத் தான் நேர்ந்துகொண்டதுதான் என்று உன் அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும், அவளும் பாவம், தம்பிக்காக எவ்வளவு அழுதாள்.

அதனால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது, குழந்தையோடு சாவகாசமாக வாருங்கள். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. அன்றைக்குக் காலையில் சவரம் செய்துவிடச் சொல்லி ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். நீ என்னை ஒன்றும் கேட்காதே, அவரையே கேள். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது ரொம்ப நேரம் ஆகும். அந்தச் சொல் உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடுகிறது. எடுத்துக் கொடுத்துவிடாதே கண்ணு. அடுப்பில் தோசை தீய்ந்தாலும் நான் காத்துக்கொண்டுதான் நிற்கிறேன். நீயும் காத்திரு. போன் கட்டாகிவிட்டதோ என்று உனக்குத் தோன்றும். கட்டாகி இருக்காது. அவர் உன்னிடம்தான் வந்துகொண்டிருப்பார்.

குறையில்லாமல் மனநிறைவோடு நீங்கள் மூவரும் வாழ வேண்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
ரேணுகாம்பாள் அர்ஜுனன்