எரியாத களிம்பு

ஜெர்மனி,
ஜனவரி 1984

அன்புள்ள டோரதிக்கு,

ஆண்டவர் கிருபையில நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

ஷூ மிஷின் பயிற்சி நல்லா போவுது. குளிர்தான் ஜாஸ்தி. உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. பயப்படாத, இப்ப ஆறிடுச்சு. கடையில உதட்டுக்குத் தடவற களிம்பு ஒண்ணு வாங்கினேன். எரிஞ்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு நமக்கெல்லாம் ஒரு நெனப்பு இருக்கே! எரிய எரியத் தடவினேன். உதடு வீங்கி பஜ்ஜி மாதிரி ஆயிடுச்சு.

பக்கத்து மிஷின்ல வேலை செய்யற ஹெல்கா அந்த டப்பாவை வாங்கிப் படிச்சாங்க. கற்பூரமும் மெந்தாலும் புண்ணான உதட்டுக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்டுட்டு, அவங்க களிம்பைக் கொடுத்தாங்க. அதுல தேன்மெழுகு, எண்ணெய், ஆட்டு ரோமத்துக் கொழுப்பு, அவ்ளோதான். வாசனையும் இல்ல, எரிச்சலும் இல்ல. ஆம்பூர் தோல் பதனிடற ஷெட்ல இத்தனை வருஷமா தோலுக்கு எண்ணெய் ஏத்தறவன் நான். எண்ணெய் ஏறாத தோல் காஞ்சா வெடிக்கும்னு தெரியும். என் உதடும் தோல்தான்னு மறந்துட்டேன் பாரு!

தடவினதுமே உன் ஞாபகம் வந்துடுச்சு. தோல் ஊறப்போடற சுண்ணாம்புல வெந்த என் கைக்கு, உன் ஆஸ்பத்திரி மருந்தறையில நீ கிண்டிக் கொண்டாந்ததும் இதேதானே? பேர் கிடையாது, பூப்படம் போட்ட டப்பா கிடையாது. ஆனா உன் கைப்பக்குவம் இங்க எந்தக் கடையிலயும் இல்ல. ஒரு டப்பா அனுப்பு. கூட லெட்டரும் கொஞ்சம் நீளமா எழுது.

பஸ் வந்துடுச்சு, முடிக்கிறேன். உதடு நல்லா ஆறிடுச்சு டோரதி. தமிழ் பேசத்தான் இங்க ஆள் இல்ல.

உன்
சத்தியநாதன்